வீட்டை அடகு வைக்காதீர்கள் அக்கா

அக்கா, போன சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து மகளோடு வந்து அழுதீர்கள். டர்பனில் மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும் என்று அவள் பெரியப்பா பிடிவாதமாக இருக்கிறாராம். அன்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன், அது தப்பு. அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தாலும் இங்கே தென்னாப்பிரிக்காவில் தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிவு செய்யமுடியும். கடனுக்கு வட்டி அதுவரை காத்திருக்காது.

நீங்கள் அழுதுகொண்டிருந்தபோது உங்கள் மகளிடம் ஒரு கணக்கு கொடுத்தேன். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். சோதனை எந்த நோயாளியையும் தவறவிடாது, ஆனால் நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பலர் 95 சதவீதம் என்பார்கள். அவள் 2 சதவீதம்தான் என்றாள், சரியான விடை. ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர், தவறாகப் பாசிட்டிவ் வருபவர்கள் சுமார் ஐம்பது பேர், ஆக 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய்.

ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கும் இதுதான் நிபந்தனை நிகழ்தகவு. இதில் சறுக்கியதால் இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாய் 1999இல் சிறைக்குப் போனார். அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் திடீரென்று இறந்தன, அவரே கொன்றார் என்று வழக்கு. இயற்கையாக அப்படி ஒரு மரணம் 8,543இல் ஒன்று, அதை அதாலேயே பெருக்கினால் 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். ஒரே வீடு, ஒரே மரபணு, இரண்டு மரணங்களையும் தொடர்பில்லாதவை என்று எப்படிப் பெருக்குவது? அதைவிடப் பெரிய தவறு, ஒரு தாய் இரண்டு பிள்ளைகளையும் கொல்வதும் மிக மிக அரிது என்பதை மறந்து, ஒரு பக்க எண்ணை மட்டும் பார்த்தது. ராயல் புள்ளியியல் சங்கம் 2001இல் கண்டித்தது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சோதனை முடிவும் வெளிவர, 2003இல் விடுதலையானார், 2007இல் இறந்துபோனார்.

டாக்டரின் சாட்சியை எடைபோட, உங்கள் மகளைப் போல இந்தக் கணக்கு புரிந்த புள்ளியியல் ஆள் வேண்டும் அக்கா. சிஏ, இன்ஜினியரிங் பற்றி ஊரே சொல்லும், நான் விடுகிறேன். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பிஎஸ்சி மூன்று வருடம், ஆனர்ஸ் ஒரு வருடம், பிறகு மருத்துவத் தரவுகளை அலசும் உயிர்ப்புள்ளியியலில் முதுகலை. வீட்டிலிருந்தே போய் வரலாம். நீதிமன்றம் உடனே கூப்பிடாது, அனுபவம் சேரவேண்டும். அதுவரை மருத்துவ ஆராய்ச்சியில் வேலை தேடலாம். எச்ஐவி ஆய்வு செய்யும் கேப்ரிசா மையம், பெரியப்பா ஆசைப்படும் அதே டர்பன் மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது.

குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டைத் தாண்டாவிட்டால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்னும் ஏஜென்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பெரியப்பாவை அடுத்த சனிக்கிழமை கூட்டி வாருங்கள், அந்தக் கணக்கை உங்கள் மகளே அவருக்குச் சொல்லித் தரட்டும்.