அகதி முகாம் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி: 1994-இல் குழித்துறை அரசு மருத்துவமனையில் பிறந்தேன். அப்பா 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். அம்மா கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துப் பெண். தாத்தா, சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து 1979-இல் குடும்பத்தோடு வந்தார், அப்போது அம்மாவுக்கு ஏழு வயது. கல்யாணமானதும் அம்மாவின் பெயரையும் முகாமில் சேர்த்துவிட்டார்கள். நான் நர்சிங் முடித்து மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் ‘முகாம்காரங்களுக்குக் கிடையாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கணவர் 1989-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், அவருடைய அப்பா அம்மா இரண்டு பேருமே இலங்கைக்காரர்கள். மகனுக்கு ஐந்து வயது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அவர் நீட்டும் விண்ணப்பத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் காகிதத்திலும் இருக்குமானால், குடியுரிமை கேட்டு நிற்க வேண்டியவரே இல்லை நீங்கள். பிறந்த அன்றே இந்தியக் குடிமகள். பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் விண்ணப்பம் வெளிநாட்டவருக்கானது, அதில் கையெழுத்துப் போட்டால் ‘நான் வெளிநாட்டவள்’ என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிறந்த தேதியை வைத்து ஆட்களைப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு, பிறந்த நேரத்தில் அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் போதும், மற்றவர் எப்படி வந்தார் என்று சட்டம் கேட்பதில்லை. உங்கள் 1994 இதில்தான் வருகிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகுதான் கதவு இறுகியது: இரண்டு பேரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராக இருக்க வேண்டும்.

ஆக, எல்லாமே அம்மாவின் கையில் இருக்கிறது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்களை அகதிகள் என்று சொல்லவே கூடாது, அவர்கள் தாயகம் திரும்பியோர். இலங்கையிலேயே இந்தியத் தூதரகத்தில் குடிமக்களாகப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். அதனால் தாத்தாவின் அந்தப் பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்கள், அதில் பிள்ளைகளின் பெயர் இருக்கும் பக்கம்தான் உங்களுக்கு உயிர். அது கிடைக்காவிட்டால் மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, தாயகம் திரும்பியோர் சான்றிதழ், தோட்டத்தில் தாத்தாவின் வேலைப் பதிவு, அம்மாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயர் இருந்த வாக்காளர் பட்டியல், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். மாமா, சித்தி வீட்டுப் பரண்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மூத்த பிள்ளை வீட்டில்தான் இந்தக் காகிதம் தங்கியிருக்கும், நான் பார்த்தவரை அப்படித்தான்.

சரி, அம்மா பெயர் முகாம் பதிவேட்டில் ஏறிவிட்டதே? அதனால் அவருடைய குடியுரிமை போகாது. அகதியைக் கல்யாணம் செய்தாலும் போகாது, முகாமில் குடியிருந்தாலும் போகாது, மாதப் பணம் வாங்கினாலும் போகாது. போக வேண்டுமானால் முறைப்படி எழுதிக் கைவிட வேண்டும், இல்லையென்றால் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்க வேண்டும், இந்த இரண்டாவதைச் சொல்வது குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. அதே ஒன்பதாம் பிரிவை நினைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முகாம் பிள்ளைகள் நாடற்றவர்களாக நின்றுவிடக் கூடாதென்று, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. அப்பா அம்மா இருவரும் இலங்கைக்காரர்களாக இருக்கிற பிள்ளைகளுக்கு அது மிகப் பெரிய உதவி, அதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் சேரக் கூடாது. சின்ன வயதில் அப்பா ஏற்கெனவே பதிந்திருந்தால் அந்தக் காகிதத்தை ஒளித்துவைக்காமல், வேறு எதிலும் கை வைக்கும் முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம் உங்கள் பிறப்புச் சான்றிதழ். அதில் அம்மாவின் பெயரும், பழைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். மலையகத்தில் ஒரு எழுத்து, தோட்டத்தில் ஒரு எழுத்து, முகாமில் வேறொன்று என்று மூன்று விதமாக இருப்பது சகஜம், விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறப்பே பதியாமல் விட்டிருந்தால் தக்கலையில் பத்மநாபபுரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆதார் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முகாம் முகவரியை மறைக்கவே வேண்டாம். முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறை க்யூ பிரிவின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, விசாரணையில் எப்படியும் வரும், மறைத்தால் உண்மையான குடிமகளான நீங்கள் பொய்த்தகவல் வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். ‘பிரிவு 3(1)(ஆ)-இன்படி பிறப்பால் குடிமகள், தாய் தாயகம் திரும்பியவர்’ என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி ஆவணங்களோடு இணைத்துக் கொடுங்கள். கவுண்டரில் வாயால் ‘கிடையாது’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும், கேட்டால் நகல் கொடுக்க வேண்டும் என்று பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. மேல்முறையீட்டுக்கும் மதுரைக் கிளையில் ரிட் மனுவுக்கும் அந்தக் காகிதம் வேண்டும். ஒருவரின் குடியுரிமையில் சந்தேகம் வந்தால் ‘இவர் குடிமகள்தான்’ என்று மத்திய அரசு சான்று தர குடியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் வழி இருக்கிறது, அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். 1984 முதல் ஈழ ஏதிலியருக்காக வேலை செய்கிற ஓஃபர் அமைப்பு பெரும்பாலான முகாம்களுக்குப் பழக்கம். பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை என்று எந்த முகாமாக இருந்தாலும் அவர்களைத் தெரிந்த ஒருவராவது இருப்பார்.

இனி, சொல்லவே மனசு வராத பகுதி. உங்கள் கணவர் 1989-இல் பிறந்தவர், 1987 ஜூலைக்கு முன்னால் பிறந்திருந்தால் குடிமகன். மகன் 2004-க்குப் பிறகு பிறந்தவன், அப்பாவை அரசு சட்டவிரோதக் குடியேறி என்று வைத்தால் அம்மா குடிமகளாக இருந்தும் அவன் பிறப்பால் குடிமகன் ஆக மாட்டான். ஒரே வீட்டில் இப்படி. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவான இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்ற நடவடிக்கையிலிருந்து விலக்கியது, அவ்வளவுதான், அது குடியுரிமை கொடுக்கவில்லை. ஆனால் சட்டம் சொல்லும் சட்டவிரோதக் குடியேறி, ‘இந்தியாவுக்குள் நுழைந்த’ வெளிநாட்டவர். மண்டபத்தில் பிறந்த உங்கள் கணவர் எங்கிருந்து எங்கே நுழைந்தார்? நீதிமன்றத்தில் வைக்கத் தகுந்த வாதம் இது, ஜெயிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது எடுபட்டால் மகனுக்கு மட்டுமல்ல, குடிமகளின் கணவராக ஏழு வருடம் இங்கே வாழ்ந்தவர் என்ற வகையில் கணவருக்கும் பதிவு கேட்க வழி திறக்கும்.

ஆனால் அதற்கெல்லாம் அடிப்படை நீங்கள் குடிமகள் என்று நிலைநாட்டுவது. அதனால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மனுவாகப் போடாமல் உங்களுடையதை முதலில் தனியாகப் போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கீரிப்பாறைக்குப் போய் அந்தப் பாஸ்போர்ட்டைத் தேடுங்கள். கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அசலை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.