பக்கத்துல 420 ஃப்ளாட் வரப்போகுது, நாங்க என்ன பண்ணலாம் மேடம்?

கேள்வி: தாம்பரத்துக்கு மேற்கே அடையாறு ஓரமா ஒரு ஊராட்சியில இருக்கோம், எங்க நகர்ல மொத்தம் 64 வீடு. பக்கத்துல சும்மா கிடந்த 4 ஏக்கர்ல ஸ்டில்ட் (கீழ வண்டி நிறுத்துற தளம்) பிளஸ் 9 மாடியில 420 ஃப்ளாட் கட்டப் போறாங்களாம். இப்பவே வேலி போட்டு மண்ணைக் கொட்டி மேடாக்குறாங்க. 2015 டிசம்பர்ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அந்த இடத்துக்கு குறுக்கால ஒரு வாய்க்கால் ஓடும், இப்ப அது இருந்த தடமே தெரியல. போற வழி எங்க 30 அடி ரோடுதான். பில்டர் ஆளு வந்து, "ஆட்சேபணை இல்லை"ன்னு சங்கத் தலைவர் ஒரு லெட்டர் குடுத்தா ரோடு போட்டு போர்வெல்லும் போட்டுத் தர்றோம்ங்கிறாரு. சங்கம் பதிவு பண்ணல. பசங்க லாரியை மறிக்கலாம்ங்கிறாங்க. நான் பப்ளிக் ஹியரிங் வரட்டும், எல்லாரும் போய் பேசிக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானா?

பதில்: ஐயா, உங்க கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா ஆபத்து அங்கதான் இருக்கு. நீங்க காத்துக்கிட்டு இருக்கிற பப்ளிக் ஹியரிங் வரவே வராது. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டுனா முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும், ஆனா கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் மக்கள் கருத்துக் கேட்புல இருந்து அதே அறிவிக்கை விலக்கு குடுத்திருக்கு. அனல்மின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் நடக்குற மாதிரி கலெக்டர் தலைமையில பந்தல் போட்டு உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க. இந்த நம்பிக்கையில மாசக்கணக்கா உக்காந்துட்டு, ஆறாவது மாடி எழும்புனப்புறம் என்கிட்ட வந்த சங்கங்கள் உண்டு, அப்ப அவங்க முகத்தைப் பாத்து பதில் சொல்றது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி போற ஒரு பக்க ஆட்சேபணைக்கு இருக்கிற பலம் கட்டடம் எழும்புனதுக்கப்புறம் போடுற நூறு பக்க ஹைகோர்ட் ரிட் மனுவுக்கு கிடையாது.

அடுத்தது, "முழுசா நிறுத்தணும்"னு மட்டும் கேக்காதீங்க. பட்டா நிலத்துல சட்டப்படி வீடு கட்ட பில்டருக்கு உரிமை இருக்கு. காத்து மறையுது, பார்வை மறையுது, நம்ம ஏரியா அமைதி போயிடும்னு எழுதுனா ஆபீசர் படிச்சிட்டு மூடி வச்சிடுவாரு. வெளிச்சம் காத்துக்காவது 1882 வசதியுரிமைச் சட்டத்துல 20 வருஷ அனுபவத்தைக் காட்டி கொஞ்சம் பேசலாம், பார்வைக்கு அதுவும் கிடையாது. எந்த விதி மீறப்படுது, எந்த சர்வே நம்பர்லன்னு சொன்னாத்தான் ஃபைல் நகரும். ஒரு தடவை முன்னூறு கையெழுத்தோட கட்டு கட்டா மனு எடுத்துட்டு ஒரு சங்கத்தோட நானும் போயிருந்தேன், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு கேட்ட முதல் கேள்வியே "சர்வே நம்பர் என்னங்க?", எங்க யாருக்கும் தெரியல.

உங்க கேஸ்ல ரெண்டு விஷயம் கண்ணுக்கு முன்னாடி நிக்குது. முதல்ல அந்த வாய்க்கால். தமிழ்நாடு அரசோட இணையவழி நில சேவையில உங்க கிராமத்துப் பேரைப் போட்டு அந்த சர்வே நம்பருக்கும் சுத்தி இருக்கிற நம்பர்களுக்கும் எஃப்எம்பி (புல அளவீட்டு) வரைபடமும், நிலம் யாருது, என்ன வகைன்னு இருக்கிற அ-பதிவேட்டு நகலும் எடுங்க. கிராம வரைபடமும் வாங்கிடுங்க. எஃப்எம்பில வாய்க்கால் ரெட்டைக் கோடா வளைஞ்சு போகும், அ-பதிவேட்டுல அந்த உட்பிரிவுக்கு நேரா வாய்க்கால் புறம்போக்குன்னோ ஓடைன்னோ இருந்துச்சுன்னா, அது மேல எவ்வளவு மண்ணு கொட்டுனாலும் அது அரசு நிலம்தான். ஹிஞ்ச் லால் திவாரி வழக்குல 2001லயே சுப்ரீம் கோர்ட் நீர்நிலையை வேற எதுக்கும் ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, நம்ம ஹைகோர்ட்டும் 2005ல எல்.கிருஷ்ணன் வழக்குல நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி கண்டிப்பா உத்தரவு போட்டிருக்கு. அதனால இன்னைக்கே வி.ஏ.ஓ, தாசில்தார், நீர்வளத்துறை மூணு பேருக்கும் பதிவுத் தபால்ல மனு போகணும், மண்ணு கொட்டுற போட்டோவுல தேதியும் இடமும் விழுற மாதிரி எடுத்து வைங்க. 2015 வெள்ளத்துல சுவத்துல படிஞ்ச தண்ணிக் கறை யார் வீட்டுலயாவது இன்னும் இருந்தா பக்கத்துல அளவு டேப்பைப் பிடிச்சு அதையும் எடுங்க.

ரெண்டாவது ரோடு. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டுனா அது உயரமான கட்டடம், ஸ்டில்ட் பிளஸ் 9 கண்டிப்பா தாண்டிடும். 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல உயரமான கட்டடத்துக்கு குறைஞ்சபட்சம் 12 மீட்டர் ரோடு வேணும், அதாவது கிட்டத்தட்ட 40 அடி. உங்க ரோடு 30 அடிதான்னா அந்தத் திட்டம் இப்ப சொல்ற உயரத்துல எப்படி வரும்? வேற பக்கம் வழி காட்டியிருக்கலாம், இல்ல பேப்பர்ல அகலத்தைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். அதனால ஞாயித்துக்கிழமை காலையில நாலு பேரு டேப்பை எடுத்துட்டுப் போய் மெயின் ரோட்டுல இருந்து அந்த வேலி வரைக்கும் பத்து இடத்துல அளந்து, ஒவ்வொரு இடத்துலயும் எந்த வீட்டு நம்பர், எந்த கரண்ட் கம்பம்னு எழுதி போட்டோ எடுங்க. பாக்க சாதாரண வேலை மாதிரி தெரியும், ஆனா கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திரிச்சு "ரோடு 12 மீட்டர் இருக்கு மை லார்ட்"னு சொல்லும்போது நம்ம கையில இருக்கப்போறது அந்தப் பேப்பர்தான்.

திட்டத்தோட முழு விவரம் எங்க கிடைக்கும்னா, 420 ஃப்ளாட்னா 20,000 சதுர மீட்டரை சுலபமா தாண்டிடும், அதனால பில்டர் பரிவேஷ்ங்கிற மத்திய அரசோட சுற்றுச்சூழல் அனுமதித் தளத்துல அப்ளை பண்ணியே ஆகணும். பில்டரே ஏத்துன படிவம், மொத்தக் கட்டுமானப் பரப்பு, கழிவுநீர் எங்க போகுது, மழைத்தண்ணி எங்க போகுதுன்னு எல்லாம் காசில்லாம பாக்கலாம். விளம்பரம் பண்ண ஆரம்பிச்சா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேணும், அந்தப் பக்கத்துல ஒப்புதல் வாங்குன வரைபடம் இருக்கும். இதுக்கு நடுவுல சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ: இந்த சர்வே நம்பருக்கு விண்ணப்பம் வந்திருக்கா, எந்தத் தேதி, நில வகைப்பாடு என்ன, நீர்வளத்துறை தடையின்மைச் சான்று குடுத்திருக்கா. 30 நாள்ல பதில் வரலைன்னா முதல் மேல்முறையீடு. "இது மூணாவது நபர் தகவல், தர முடியாது"ன்னு வந்தா சோர்ந்து போயிடாதீங்க. நொய்டாவுல எமரால்டு கோர்ட் குடியிருப்போர் சங்கம் வரைபடம் கேட்டப்ப, அந்த அத்தாரிட்டி பில்டர்கிட்ட சம்மதம் கேட்டு, அவரு மறுத்து, கடைசிவரைக்கும் குடுக்கல. இதையே சுப்ரீம் கோர்ட் 2021 ஆகஸ்ட் 31 தீர்ப்புல கண்டிச்சு எழுதுச்சு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, அங்க விதி மீறி எழுப்புன ரெண்டு டவரையும் இடிச்சாங்க. ஆனா அவங்க ஹைகோர்ட்டுக்குப் போனது 2012ல, பத்து வருஷம்! உங்களுக்கு அந்த பத்து வருஷம் வேண்டாம்னுதான் இவ்வளவு சொல்றேன்.

நிலம் விவசாயமாவோ வேற வகையிலயோ இருந்து குடியிருப்பா மாத்த வேண்டியிருந்தா மட்டும் பேப்பர்ல அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேப்பாங்க, உங்களுக்கு முறையா கதவு திறக்கிற இடம் அது ஒண்ணுதான். தினமும் யாராவது ஒருத்தர் பேப்பரை அதுக்காகவே பாருங்க.

பில்டர் கேட்ட லெட்டரை தயவுசெஞ்சு குடுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்னு எந்த விதியும் இல்ல, அப்புறம் ஏன் கேக்குறாரு? நாளைக்கு நீங்க கோர்ட்டுக்குப் போனா "இவங்களே சம்மதிச்சாங்க, இப்ப மாத்திப் பேசுறாங்க"ன்னு நீட்டத்தான். அவரு மனசாரவே ஊருக்கு ஏதாவது செய்ய நினைச்சா நல்லது, அதை அனுமதியோட நிபந்தனையா எழுத வைங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா 10 சதவீதம் திறந்தவெளியா ஒதுக்கி தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்கு குடுக்கணும், 4 ஏக்கர்னா அது உள்ரோடு போக 40 சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மியா வரும். அந்த இடம் காம்பவுண்டுக்குள்ள ஒரு மூலையில போகாம, ரோட்டுப் பக்கம் எல்லாரும் போற மாதிரி, வாய்க்கால் ஓரமா வரணும்னு கேளுங்க. தரைமட்டத்தை எவ்வளவு உசத்தலாம், மழைத்தண்ணி எங்க விழும்னு கேளுங்க. இதெல்லாம் கேட்டு வாங்கக்கூடிய விஷயம்.

லாரியை மறிக்கிறது வேண்டவே வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) 126வது பிரிவுல, சட்டவிரோதமா தடுத்து நிறுத்துனதா எஃப்ஐஆர் விழும், தண்டனை சின்னதுதான், ஆனா அந்தப் பசங்களோட பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் நாளைக்கு அதான் குறுக்க வரும். அவங்க கோவம் நியாயமானது, அந்தக் கோவத்தை கிராம சபைக்குக் கொண்டு வாங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது அடுத்து வருதோ அதுல வாய்க்காலை மீட்கணும்னு தீர்மானம் போடுங்க. அனுமதியை அது தடுக்காதுதான், ஆனா ஊராட்சியோட மினிட்ஸ் புக்குல ஏறிடும், அதோட நகலை எல்லா மனுவுலயும் இணைக்கலாம்.

சங்கத்தை 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணிடுங்க, ஏழு பேரு போதும். அது முடியுற வரைக்கும் மனு எல்லாம் ரெண்டு மூணு பேரு சொந்தப் பேருல போகட்டும், பதிவு ஆகலையேன்னு காத்திருக்க வேண்டாம். நீங்க கிளம்புனது தெரிஞ்சா பில்டர் முந்திக்கிட்டு சிவில் கோர்ட்ல உங்க மேல தடை வாங்கப் பாப்பாரு, அதனால சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) 148-அ பிரிவுல கேவியட், அதாவது எங்களைக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு ஒரு மனு, போட்டு வைங்க. 90 நாளுக்கு உங்களுக்கு நோட்டீஸ் குடுக்காம உத்தரவு வாங்க முடியாது, அந்த 90 நாள் முடிஞ்சதும் திரும்பப் போடணும்.

சுற்றுச்சூழல் அனுமதி வந்துட்டா, பசுமைத் தீர்ப்பாயத்துல மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். சரியான காரணம் காட்டுனா இன்னும் 60 நாள் வரைக்கும் மன்னிப்பாங்க, 91வது நாள் போனா தீர்ப்பாயமே நினைச்சாலும் எடுத்துக்க முடியாது. தென்மண்டல அமர்வு சென்னையிலயேதான் இருக்கு. வாரம் ஒரு தடவை பரிவேஷைப் பாக்குற பொறுப்பை கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட குடுங்க, லாரியை மறிக்கணும்னு சொன்ன பசங்கள்ல ஒருத்தர்கிட்டயே குடுங்க. எஃப்எம்பியும் அ-பதிவேடும் கையில வந்ததும் எழுதுங்க, அந்த வாய்க்கால் எந்த உட்பிரிவுல போகுதுன்னு பாத்து மனுவுல என்ன எழுதணும்னு சொல்றேன்.