ஒரு சூலகம் இருந்தால் மாதாமாதம் முட்டை வருமா?

கேள்வி: எனக்கு 29 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். அதற்கு முன்பே, கட்டி வந்ததால் வலது சூலகத்தை எடுத்துவிட்டார்கள். கருப்பைக் குழாய்கள் இரண்டும் இருக்கின்றன. ‘இனி ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் முட்டை வரும்’ என்கிறார் மாமி. வரும் முட்டையும் விழுந்துவிடுமோ என்று காலை உயர்த்தியே படுத்திருக்கிறேன். சரியா டொக்டர்?

பதில்: மகள், காலை இறக்கி நிம்மதியாகப் படுங்கள். மாமி சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதென்றால், மிஞ்சிய சூலகமே பெரும்பாலும் மாதாமாதம் முட்டையை விடும்.

முட்டை 0.1 மில்லிமீற்றர்தான், பென்சில் முனையால் லேசாகத் தொட்ட புள்ளியை விடச் சிறியது. தானாக நகரத் தெரியாது. சூலகமும் குழாயும் ஒட்டிப் பிறந்தவை அல்ல, இடையில் சிறு இடைவெளி இருக்கிறது. குழாயின் வாய் சேலை முந்தானைக் குஞ்சம் போல விரிந்திருக்கும். முட்டை வெளிவரும் நேரத்தில் அந்தக் குஞ்சம் சூலகத்தின் மேல் தடவித் தடவி அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். உங்கள் இடது சூலகத்து முட்டையை வலது குழாய் எட்டி எடுப்பதும் உண்டு. எத்தனை வருடமானாலும் எனக்கு இது அதிசயம்தான்.

குழாயின் நீளம் 10 முதல் 12 சென்ரிமீற்றர். உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்து முட்டையைத் தள்ளும், தசையும் சுருங்கி உதவும். நீங்கள் நின்றாலும் நடந்தாலும் இந்த வேலை நடக்கும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணித்தியாலம். விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளுக்கு முந்திய நாட்கள்தான் முக்கியம். 28 நாள் சுற்றென்றால் 14ஆம் நாளளவில் வெளிவரும். குழாயிலேயே கருவானது மூன்று நான்கு நாளில் கருப்பைக்கு வந்து, ஒரு வாரமளவில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இருவரும் பரிசோதனைக்குப் போங்கள். அவருடைய விந்துப் பரிசோதனை முதலில் நடக்கட்டும். உங்களுக்குக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள்; ஒப்பரேஷன் தழும்பு குழாயை ஒட்டவைத்திருக்கலாம். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்குங்கள்.

தழும்புள்ள குழாயில் கரு இடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் மாதவிடாய் தள்ளிப்போய் ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்மூட்டு வலி, மயக்கம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.