அன்பு, பாசம், காதல்: கரையோரக் கேள்வி பதில்

மண்டபம், கல்லூரி மாணவி: அன்பு, பாசம், அருள் எல்லாம் ஒன்றுதானே ஐயா?

இல்லையம்மா. அன்பு தொடர்புடையவரிடம் செல்வது. அருளுக்குத் தொடர்பே வேண்டாம். அதனால்தான் திருக்குறளில் அன்புடைமை இல்லறவியலிலும், அருளுடைமை துறவறவியலிலும் இருக்கின்றன. பாசத்துக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. எமன் கையில் இருப்பதும் பாசம்தான்!

தொண்டி, இளைஞர்: அவள் வேண்டாம் என்கிறாள். விடாமல் பின்னால் போனால் மனம் மாறாதா?

போகாதீர்கள் தம்பி. ஒருதலை விருப்பத்துக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்து, இருவரும் ஒத்த காதலுக்குரிய அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது தொல்காப்பியம். மறுத்த பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயன்றால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை. நண்பன் வழியாகத் தூது விடுவதையும் நிறுத்துங்கள்.

கீழக்கரை, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்: நான் முஸ்லிம், அவர் பாம்பன் கிறிஸ்தவர். மதம் மாறாமல் மணக்க முடியுமா?

முடியும். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் அதற்குத்தான். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவராவது, திருமண அலுவலரிடம் கொடுக்கும் திருமண நோட்டீஸுக்கு முன் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அவர் பாம்பனிலேயே இருப்பதால் அது போதும். அந்த நோட்டீஸ் திருமண அலுவலரின் அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாள் கழித்து 3 சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து. 20 நாள் லீவில் வந்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். நோட்டீஸ் கொடுத்து 3 மாதம் தாண்டினால் புது நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வீட்டாருக்குப் பிடிக்கவில்லை என்பது ஆட்சேபம் ஆகாது. வயதுக் குறைவு, உயிரோடிருக்கும் முதல் துணை போன்ற சட்டத் தடைகளே எடுபடும். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தேவிபட்டினம், மூதாட்டி: மகன் பாசமானவன்தான். வீட்டை எழுதிக் கேட்கிறான்.

உயில் எழுதுங்கள் அம்மா. உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். இப்போதே வீட்டை அவன் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சாப்பாடு, மருத்துவம், குடியிருப்பு தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அவன் தவறினால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதைச் செல்லாது என அறிவிக்கலாம். வாய்ப்பேச்சை மட்டும் நம்பினால் வழக்கு இழுக்கும். நிபந்தனை என்றதும் அவன் முகம் சுண்டினால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூக்கையூர், மீனவர்: கூட்டாளியின் இன்ஜின் கடனுக்கு ஜாமீன் போடலாமா?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரும் கடன் வாங்கியவருக்குச் சமம். கடன் கொடுத்தவர் அவரை விட்டுவிட்டு நேரே உங்களிடமே வரலாம். உங்களால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் போடுங்கள்.

தங்கச்சிமடம், இல்லத்தரசி: அவர் கடலுக்குப் போனால் எனக்குத் தூக்கமே இல்லை. மாமியார் இதை வெறும் பயம் என்கிறார்.

கடற்கரை நிலமான நெய்தல் திணையின் உரிப்பொருளே இரங்கல், பிரிந்தவரை எண்ணி வருந்துவதுதான் அம்மா; உங்கள் கரைக்கு இலக்கணம் எழுதிய பெயர் அது. படகின் பதிவு எண், உடன் போகிறவர் பெயர்கள், திரும்பும் நேரம், சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) போன் எண் நான்கையும் எழுதி வீட்டில் வையுங்கள். சொன்ன நேரம் கடந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள்.