ஐ.எஸ்.எல். வந்த பிறகும் மாநிலக் கால்பந்து சங்கங்களின் லீக் எதற்கு?

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இருக்கும்போது மாநில சங்கங்கள் நடத்தும் லீக்கை யார் பார்க்கிறார்கள், அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காகக் கொல்கத்தாவில் சில வருடங்கள் இருந்தவன் நான். அங்குள்ள சங்கத்தை வைத்தே சொல்கிறேன்.

மேற்கு வங்கக் கால்பந்தை நடத்துவது ஐ.எஃப்.ஏ., அதாவது இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன். பெயர்தான் அப்படி, 1893இல் இது தொடங்கியபோது அகில இந்தியச் சம்மேளனமே கிடையாது, அது 1937இல்தான் வந்தது. 1911இல் மோகன் பகான் ஆங்கிலேயப் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி வென்ற ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையும் இந்தச் சங்கத்துடையதுதான்.

இந்தச் சங்கத்தின் கொல்கத்தா லீக் 1898இல் ஆரம்பம். முதலில் ராணுவ அணிகளும் வெள்ளைக்காரர் கிளப்களும்தான். இந்திய அணிகளைச் சேர்த்த பிறகும், முதல் டிவிஷனில் இரண்டுக்கு மேல் கூடாது என்றொரு விதி! 1925இல் ஈஸ்ட் பெங்கால் மேலே வந்தபோதுதான் அது தளர்ந்தது. அப்புறம் 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங், மேல் டிவிஷனுக்கு ஏறிய முதல் வருடமே பட்டத்தைத் தட்டிச் சென்றது. 1938 வரை வேறு யாருக்கும் விடவில்லை.

என் பார்வையில் லீக்கின் அவசியமே இந்த ஏற்ற இறக்கம்தான். ஐ.எஸ்.எல். தொடங்கிய முதல் பத்து வருடங்களில் ஒரு அணிகூடக் கீழே இறக்கப்படவில்லை. கொல்கத்தாவிலோ, கீழ் டிவிஷனில் ஆடும் சின்ன கிளப்புக்கும் மேலே வர வழி இருக்கிறது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் என்ற மூன்று பெரிய கிளப்களைத் தாண்டிப் பட்டம் போவது அபூர்வம் என்பதும் உண்மைதான்: 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே, அடுத்து 2019இல் பியர்லெஸ்.

இப்போது பெரிய கிளப்கள் பெரும்பாலும் இளைஞர் அணியைத்தான் அனுப்புகின்றன. ரசிகர்கள் குறைபடுகிறார்கள், எனக்கு அது நல்லதாகவே படுகிறது. 2024 டிசம்பர் 31 அன்று கேரளாவை 1-0 என்று வென்று 33வது முறையாக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை எடுத்த வங்காள அணியில் பெரும்பாலும் இந்த லீக்கில் ஆடியவர்கள்தானே?

சங்கத்தின் நிர்வாகத்தைப் புகழ மாட்டேன். 2024 லீக் பட்டம் யாருக்கு என்று முடிவாகவே மாதக்கணக்கில் இழுத்தது. சரி, ஜூலை, ஆகஸ்ட் பக்கம் அங்கே போனால் ஒரு ஆட்டமாவது பாருங்கள். நகரத்துக்குள் மட்டும் தேடாதீர்கள், நைஹாட்டி, பாராசத், கல்யாணியிலும் நடக்கும். குடை கட்டாயம்.