நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாரிடம் சொல்வது?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் பதின்வயதில் எதிர்பாராமல் கரு தங்கியது பற்றியவை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

எனக்கு 17 வயது. நாள் தள்ளி 10 நாள் ஆகிறது. கிட்டில் இரண்டாவது கோடு ரொம்ப மங்கலாகத் தெரிந்தது. கர்ப்பம்தானா?

கிட்டின் உறையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் தெரிந்த கோடு என்றால், மங்கலாக இருந்தாலும் ஆமாம் என்றே எடுத்துக்கொள். வெகுநேரம் கழித்துத் தெரியும் கோட்டை நம்ப வேண்டாம். சந்தேகமென்றால் இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் முதலில் போகும் சிறுநீரில் இன்னொரு கிட் போட்டுப் பார்.

அடுத்து, வாரக் கணக்கு. உறவு நடந்த நாளிலிருந்து மருத்துவத்தில் நாங்கள் எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவோம். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவளுக்கு 10 நாள் தள்ளினால் 5 வாரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். "இப்போதுதானே ஆச்சு" என்று நினைத்துக் காத்திருக்கும் பெண்கள் கோட்டை விடுவது இங்கேதான். கலைப்பதோ பெற்றெடுப்பதோ, எதற்கும் வாரம் தெரிய வேண்டும். ஸ்கேன் பார்த்துவிடு. அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போ. கரு, கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

தோழி மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறாள். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாமா?

எந்த மாத்திரை? லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை, உறவு முடிந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. கலைப்புக்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோன், பிறகு மிசோப்ரோஸ்டால். ஆரம்ப வாரங்களில் முறைப்படி கொடுத்தால் இவை பாதுகாப்பானவைதான். ஆனால் வாரத்துக்கேற்ப அளவு மாறும், குழாயில் தங்கிய கருவுக்குப் பலிக்காது, கைமாறி வரும் அட்டையில் என்ன இருக்கிறது என்று உன் தோழிக்கே தெரியாது. ஏற்கெனவே போட்டுவிட்டாயா? மணிக்கு 2 பெரிய நாப்கின் வீதம் 2 மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல் இறங்காவிட்டாலோ, நாற்றத்தோடு கசிவு வெளியேறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போ. எதைப் போட்டாய், எப்போது போட்டாய் என்பதை மட்டும் மறைக்காதே.

கலைத்தால் பிறகு குழந்தையே பிறக்காதாமே?

இல்லை. பாதுகாப்பாகச் செய்த கலைப்பு அப்படிக் கெடுக்காது. அரைகுறை வைத்தியமும் அதனால் வரும் தொற்றும்தான் கெடுக்கும். சொல்லப்போனால் இரண்டே வாரத்தில் மறுபடி கரு தங்க வாய்ப்புண்டு. கருத்தடையைப் பற்றி அன்றைக்கே கேள்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா கொன்றுவிடுவார்.

பேச்சுக்குச் சொல்கிறாயா, நிஜமாகவே அடி விழுமா? நிஜமென்றால் வீட்டில் முதலில் சொல்லாதே. சித்தி, டீச்சர், பள்ளி ஆலோசகர், செவிலியர் என்று பெரியவர் ஒருவர் உன்னோடு நிற்கட்டும். வெறும் பயம்தான் என்றால், அம்மா தனியாக இருக்கும்போது சுற்றி வளைக்காமல் சொல்: "அம்மா, நான் கர்ப்பமா இருக்கேன். பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கூட வா." முதல் பத்து நிமிடம் திட்டு விழும். அது பெரும்பாலும் அதிர்ச்சிதான். கடைசி முடிவு அதுவல்ல.

மருத்துவரிடம் போனதும் முதல் கேள்வியாக, "நான் சொல்வதில் எதையெல்லாம் நீங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்?" என்று கேட்டுவிடு. வயது, வாரம், யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. உன்னை யாராவது வற்புறுத்தியிருந்தால் அதையும் சொல். அது உன் குற்றம் இல்லை.

மகளுக்கு 15 வயது, நான்காவது மாதம். பெற்றெடுத்துத் தத்துக் கொடுக்கலாம் என்கிறோம். அவள் வாயே திறக்கவில்லை.

அம்மா, அவள் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இல்லாமல் அவள் ஆலோசகரோடு ஒருமுறை பேசட்டும். கலைப்பு, தானே வளர்ப்பது, தத்து மூன்றையும் அவளிடம் விளக்கச் சொல்லுங்கள். நான்காவது மாதம் என்பதால் இந்த வாரமே போங்கள். சட்டம் அனுமதிக்கும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. தத்து என்றால் சட்டப்படியான அமைப்பு வழியாக மட்டும். தெரிந்தவர் கையில் ரகசியமாகக் கொடுத்தால் பின்னால் குழந்தைக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் இல்லை. பல நாடுகளில் பிரசவத்துக்குப் பிறகுதான் தாயின் சம்மதம் செல்லும். அதுவரை அவள் மனம் மாறலாம்.

பெற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். முகப்பருவுக்கு மாத்திரை போடுகிறேன், பரவாயில்லையா?

நல்லவேளை கேட்டாய். அட்டையில் ஐசோட்ரெட்டினாயின் என்று இருந்தால் இன்றோடு நிறுத்து, மருத்துவரிடம் சொல். குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகளை உண்டாக்கும் மருந்து அது. 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போடு. பதின்வயதில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து அதிகம். அதனால் ஒரு பரிசோதனையையும் விடாதே. ஐந்தாம் மாதத்துக்குப் பின் விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காதே.

நான் 18 வயதுப் பையன். அவள் கர்ப்பம். நான் என்ன செய்ய?

ஓடாமல் இருந்ததற்கு நன்றி, தம்பி. முடிவை அவளிடம் விடு. "நீ சொன்னால் போதும், நான் பார்த்துக்கறேன்" என்று கலைக்கவோ பெறவோ தள்ளாதே. செலவில் பங்கெடு. அவள் விரும்பினால் மருத்துவமனைக்குக் கூடப் போ. அவள் உன்னைவிட இளையவள் என்றால் சட்டச் சிக்கல் வரலாம். அதற்குப் பயந்து அவள் மருத்துவரைப் பார்ப்பதைத் தடுத்துவிடாதே. உன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஒரு வக்கீலைப் பார்.