மஸ்கிக்குச் சின்ன டாப்வாட்டர் லூர்: கேள்வி பதில்

ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி (பைக் இனத்துப் பெரிய வேட்டை மீன்) சீசன் ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை திறக்கிறது. அதற்கு முன் லூர் (செயற்கை இரை) வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். 8, 10 அங்குல லூர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே 4 முதல் 6 அங்குலம் வரை நீளமுள்ள, தண்ணீரின் மேல் ஓடும் டாப்வாட்டர் லூர்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, மஸ்கி 50 அங்குலம் வளர்கிற மீன். பெரிய மீனுக்குப் பெரிய இரை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பிறகு ஏன் சின்ன லூர்?

பதில்: இடமும் காலமும்தான் காரணம். ஜூன் மாதத்தில் முட்டையிட்டு முடித்த மஸ்கி இன்னும் ஆழம் குறைந்த பாசிப் பக்கமாகவே நிற்கும். அங்கே அது தின்பது உள்ளங்கை நீளத்துப் பேர்ச்சும் புளூகில்லும். அந்த அளவில் ஒன்று மேலே தத்தளித்துப் போனால் யோசிக்காமல் வரும். அடுத்தது, கவார்த்தாவில் மஸ்கி எண்ணிக்கையில் அதிகம், ஆனால் ஜோர்ஜியன் பே, சென் லோறன்ஸ் ஆற்று மீன்களைப் போல ராட்சத உருவம் இல்லை. பிஜன் ஏரி, பக்ஹோர்ன், செமோங் போன்ற இடங்களில் வார இறுதியென்றால் படகுக்குப் படகு பெரிய லூர்தான் வீசுகிறார்கள். காற்றே இல்லாத காலையில், கண்ணாடி போன்ற தண்ணீரில் பெரிய லூர் தொப்பென்று விழுந்தால் கிட்டே நிற்கிற மீன் விலகிவிடும். குளிர்காற்று வந்துபோன மறுநாள், வானம் வெளித்து மீன் சோர்ந்து நிற்கும்போதும் சின்னதுதான் எடுபடும்.

பெரிய மஸ்கி சின்ன இரையைத் தொடாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1988 ஒக்டோபரில் ஜோர்ஜியன் பேயில் கென் ஓ பிரையன் பிடித்த 65 இறாத்தல் மஸ்கி ஒரு சின்ன ரப்பாலா லூரைத்தான் கடித்தது. அது டாப்வாட்டர் லூர் இல்லை, ஆனாலும் மீன் என்ன அளவை வாய்க்குள் எடுக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அலை அடிக்கும்போதும், தண்ணீர் கலங்கியிருக்கும்போதும் சின்னதைப் பெட்டிக்குள் வையுங்கள். மீன் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டாது.

கேள்வி (ஏஜக்ஸ்): மூன்றே மூன்று லூர் வாங்கப் பணம் இருக்கிறது. எவை?

பதில்: முதலாவது, வொப்பர் பிளொப்பர் 110 அல்லது 130. அந்த எண் மில்லிமீற்றரில் நீளம். லாரி டால்பெர்க் வடிவமைத்தது. வால் சுழன்று குபுகுபுவென்று சத்தம் போடும். நேராகச் சுற்றி எடுத்தாலே போதும், பழகாத கைக்கும் வேலை செய்யும். பாசி மிதக்கிற இடத்தில் மட்டும் சங்கடம்: வாலில் ஒரு இழை சிக்கினாலும் சுழற்சி நின்றுவிடும். ஸ்கூகொக் ஏரி மாதிரி ஆழமில்லாத, பாசி நிறைந்த தண்ணீரில் இதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இரண்டாவது, ஹெடன் சூப்பர் ஸ்பூக், 5 அங்குலம். தடி நுனியைக் கீழ்நோக்கித் தட்டித் தட்டிச் சுற்றினால் இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு நூலைக் கொஞ்சம் தளரவிட வேண்டும், இல்லையென்றால் நேராக இழுபடும். பாசியின் தலை தண்ணீருக்கு இரண்டு மூன்று அடி கீழே நிற்கிற இடங்களில் எனக்கு இதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் ஓரிடத்தை விட்டு நகராமலே நிறைய நேரம் ஆட்டலாம்.

மூன்றாவது, பெரிய அளவு ஜிட்டர்பக், முன்னால் உலோகத் தகடு வைத்துத் தத்தளித்துச் சத்தம் போடுகிற லூர். இருட்டியபிறகு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கேள்வி (மிசிசாகா): என்ன நிறம் நல்லது?

பதில்: கறுப்பு ஒன்று, வெளிர் நிறம் ஒன்று. மீன் கீழேயிருந்து பார்க்கிறது, அதற்குத் தெரிவது நிழல்.

கேள்வி (மார்க்கம்): அண்ணா, ஸ்பூக்குக்கு வயர் லீடர் (நூலுக்கும் லூருக்கும் இடையே கட்டும் கம்பித் துண்டு) போட்டால் தலையாட்டம் செத்துப்போகிறது. லீடர் இல்லாமல் நேரே பிரெய்ட்டில் (பின்னிய நூலில்) கட்டலாமா?

பதில்: கட்டவே கூடாது. மஸ்கியின் பல் பிரெய்ட்டை ஒரே உரசலில் அறுத்துவிடும். அறுந்தால் உங்களுக்கு லூர்தான் போகும். மீனுக்கு வாயை மூடமுடியாமல் இரண்டு மும்முனை ஹூக் மாட்டியிருக்கும்.

உங்கள் பிரச்சினை லீடரின் நீளமும் பாரமும்தான். பெரிய லூருக்குப் போடுகிற தடித்த 12 அங்குல வயரைச் சின்ன ஸ்பூக்கின் மூக்கில் தொங்கவிட்டால் மூக்கு தண்ணீருக்குள் போகத்தான் செய்யும். 6 முதல் 9 அங்குல நீளத்தில் ஒற்றை இழை வயர் லீடர் எடுங்கள். நேராக விறைத்து நிற்கும், ஹூக்கில் சுற்றிக்கொள்ளாது. லூர் பக்கம் வட்டமான, பலமான ஸ்னாப் (லூரை மாட்டும் கொக்கி) இருக்கட்டும். கூர்முனை ஸ்னாப்பில் லூர் ஒரு பக்கம் இறுகிவிடும். 80 இறாத்தலுக்குக் குறையாத ஃப்ளூரோகார்பன் நூல் லீடரும் போடலாம், ஆனால் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பிக்கரிங்): மஸ்கி குழம்புக்கு நல்லதா? வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

பதில்: ஒன்ராறியோவில் கன்சர்வேஷன் லைசென்ஸ் (குறைந்த எண்ணிக்கை மீன்களுக்கான உரிமம்) வைத்திருப்பவர் ஒரு மஸ்கியும் வைத்திருக்க முடியாது. ஸ்போர்ட் லைசென்ஸ் (முழு எண்ணிக்கைக்கான உரிமம்) என்றால் ஒன்று, அதுவும் அந்த வலயத்துக்குரிய குறைந்தபட்ச நீளத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், இது மெதுவாக வளர்கிற மீன். ஒரு ஏக்கர் தண்ணீருக்கு வளர்ந்த மஸ்கி ஒன்று இருந்தாலே நல்ல ஏரி என்பார்கள். மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் பெரிய மஸ்கியின் உடம்பில் பாதரசமும் சேர்கிறது. குழம்புக்குப் பேர்ச் பிடியுங்கள், அருமையான மீன்.

கேள்வி (பிரம்ரன்): லூர் சின்னது என்றால் பாஸ் மீனுக்கென்று என்னிடம் இருக்கிற தடியே போதும்தானே? 7 அடி மீடியம் தடி, 12 இறாத்தல் நூல்.

பதில்: போதாது தம்பி. சின்னதாக்குவது லூரை மட்டும்தான். 65 இறாத்தல் பிரெய்ட் போடுங்கள், 100 இறாத்தலைவிட மெல்லியது, சின்ன லூரும் தூரம் போகும். ஏழரை முதல் 8 அடி வரை ஹெவி தடி. பாஸ்காரர்கள் பெரிய ஸ்விம்பெய்ட்டுக்கு (மீன் வடிவ லூருக்கு) பாவிக்கிற தடி உங்களிடம் இருந்தால் அது தாராளமாகப் போதும்.

கேள்வி (மீண்டும் பிரம்ரன்): போன கோடையில் இதே தடியில் 38 அங்குல மஸ்கி பிடித்தேன் அண்ணா. இருபது நிமிடம் இழுபறி. அதுதானே சந்தோஷம்! விட்டதும் நன்றாக நீந்திப் போனது.

கேள்வி (ஒஷாவா): நானும் பிரம்ரன் தம்பியின் பக்கம். மெல்லிய நூலில் பெரிய மீன் பிடிப்பதுதான் திறமை. கயிறு மாதிரி நூலில் யாரும் இழுக்கலாம்.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதிலையே தொடங்கினேன்.

மஸ்கி திடீரென்று பாய்வதற்காக அமைந்த மீன். நீண்ட நேரம் ஓடுவதற்கான உடம்பு அதற்கு இல்லை. இருபது நிமிடம் இழுத்தால் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, அதைச் சரிசெய்ய ஒட்சிசன் வேண்டும். கோடைத் தண்ணீர் சூடாக இருக்கும், சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. மீன் உங்கள் கையைவிட்டு நீந்திப் போகும், சில மணிநேரம் கழித்து நீங்கள் பார்க்காத இடத்தில் சாகலாம். ஆகவே ‘நீந்திப் போனது’ என்பது பிழைத்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. திறமை என்று ஒன்று இருந்தால், மீனைச் சில நிமிடங்களில் வலைக்குள் கொண்டுவந்து, தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் ஹூக்கைக் கழற்றி அனுப்புவதில்தான் இருக்கிறது. அதற்குத்தான் பலமான தடியும் நூலும்.

மேற்பரப்புத் தண்ணீர் 27 பாகை செல்சியஸைத் தொட்டால் மஸ்கிக்கு வீசுவதையே நிறுத்துங்கள். ஜூலை நடுவில் இது அடிக்கடி நடக்கும். அந்த நாட்களில் பாஸ் பிடியுங்கள்.

கேள்வி (ஒஷாவா): சரி அண்ணா, வெப்பம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாஸுக்கு வீசும்போது மஸ்கி தானாக வந்து கடித்தால் நான் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. கவார்த்தாவில் பாஸுக்கு வீசுகிற எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். படகில் நீண்ட மூக்குக் குறடும், ஹூக் வெட்டுகிற கட்டரும், ரப்பர் பூசிய பெரிய வலையும் எப்போதும் இருக்கட்டும். கடித்தது மஸ்கி என்று தெரிந்ததும் படகை மீனை நோக்கிக் கொண்டுபோங்கள், நூல் தாங்குகிற அளவுக்கு இறுக்கிப் பிடியுங்கள். ஹூக் ஆழமாக இருந்தால் தோண்டாமல் வெட்டிவிடுங்கள். ஹூக்கின் விலை சில டொலர்.

ஒட்டாவாவிலிருந்து ஒரு சகோதரி: ஒட்டாவா ஆற்றில் நான் மிதக்கும் வெப்பமானியைப் படகோரம் கட்டி வைத்திருப்பேன். சோனாரில் (மீன் தேடும் கருவியில்) காட்டும் வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

பதில்: நன்றி தங்கச்சி. எல்லோரும் செய்யவேண்டிய வேலை.

கேள்வி (வோன்): மஸ்கி சுவை எப்படி? பொரிக்கலாமா?

பதில்: மேலே பிக்கரிங் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஏஜக்ஸ்): தண்ணீர் வெடித்ததும் இழுக்கிறேன், லூர் மட்டும் முகத்துக்கு நேரே பறந்து வருகிறது. என்ன பிழை?

பதில்: கண்ணை நம்பி இழுக்கிறீர்கள். கையில் பாரம் தெரிந்த பிறகு இழுங்கள். மஸ்கி பலமுறை முதல் பாய்ச்சலில் லூரைத் தவறவிடும், சின்ன லூரை இன்னும் அதிகமாகத் தவறவிடும். நீங்கள் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரும்ப வரும். பின்னால் அலை எழும்பி வருவதைப் பார்த்து ஸ்பூக்கையோ பிளொப்பரையோ நிறுத்திவிடாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பறந்து வருகிற லூரில் ஆறு முனை இருக்கிறது.

கேள்வி (சென்னை): விரால் மீனுக்கு இந்த ஸ்பூக் வேலை செய்யுமா?

பதில்: விரால் நிற்கிற புல்லுக்குள் திறந்த ஹூக் உள்ள லூர் சிக்கிக்கொள்ளும். ஹூக் மறைந்த ரப்பர் தவளை வாங்குங்கள். மற்றதை உங்கள் ஊரில் விரால் பிடிப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (பீற்றர்பரோ): லூர் படகோரம் வந்ததும் தடியால் தண்ணீரில் 8 வடிவம் போடுவது டாப்வாட்டருக்கும் பொருந்துமா?

பதில்: கட்டாயம். தடி நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, லூரைக் கொஞ்சம் அமிழ்த்தி, அகலமாகச் சுற்றுங்கள். நீளமான மீன், குறுகிய வளைவில் அதனால் திரும்ப முடியாது. குட்டை லீடரால் இன்னொரு நன்மை இங்கே: லூரைத் தடி நுனிக்குக் கிட்டவரை கொண்டுவரலாம்.

கேள்வி (ஸ்காபரோ): இரவில் லூரை எப்படி ஓட்டுவது?

பதில்: நேராக, ஒரே வேகத்தில், மெதுவாக. இருட்டில் மீன் சத்தத்தையும் அதிர்வையும் வைத்துத்தான் குறி பார்க்கிறது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் குறி தவறும். குறடும் கட்டரும் கைக்கெட்டும் இடத்தில், தலைவிளக்கு நெற்றியில்.

கேள்வி (லிண்ட்ஸி): படகு இல்லை. ட்ரென்ற்-செவேர்ன் கால்வாய்ச் சுவரில் நின்று வீசலாமா?

பதில்: குனிந்தால் வலை தண்ணீரைத் தொடுகிற இடமென்றால் வீசுங்கள். உயரமான சுவரில் நின்று மீனை நூலால் தூக்குவதோ தாடையில் தொங்கவிடுவதோ அதன் உள்ளுறுப்புகளைக் குலைத்துவிடும். இறங்கிப் போகக்கூடிய கரையைத் தேடுங்கள்.

கேள்வி (ஸ்டூவில்): மஸ்கி சமையல் குறிப்பு?

பதில்: இல்லை. விட்டுவிடுங்கள்.

கேள்வி (மார்க்கம்): கடைசியாக ஒன்று அண்ணா. வாங்கும்போது லூரோடு வருகிற ஹூக் மஸ்கிக்குத் தாங்குமா?

பதில்: பாஸுக்கென்று செய்த லூரில் பல வேளை தாங்காது, நிமிர்ந்துவிடும். 3எக்ஸ் அல்லது 4எக்ஸ் என்று குறித்த, தடித்த கம்பியாலான ஹூக்கும் அதற்கேற்ற வளையமும் மாற்றுங்கள், ஹூக் நுனியிலுள்ள எதிர்முட்களைக் குறடால் அமுக்கிவிடுங்கள். மாற்றியதும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். லூர் முன்பு மிதந்ததைவிட நிறையத் தாழ்ந்தால் ஹூக் பாரம் கூடிவிட்டது, ஒரு அளவு குறையுங்கள். பிளொப்பரில் பின் ஹூக் வாலில் இடிக்காமல் சுழல்கிறதா என்றும் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய ஹூக்கை எறியாதீர்கள், பாஸ் லூருக்கு உதவும்.